தலையீத்துக் கிடேரிக்குப் போட்ட பூட்டு

ஏனுங்க, கையில வெச்சிருக்கறது மூக்கணாங்கயிறுதானுங்களே? பஸ்ஸுல ஏறும்போதே பார்த்தேன். சித்தெ தள்ளி உக்காருங்க, இந்தப் போசி சாய்ஞ்சுரும். சீம்பாலுங்க. மூடி சரியா நிக்க மாட்டீங்குது, அதனாலதான் மடியிலயே வெச்சுப் புடிச்சிருக்கறன்.

நான் திருப்பூருக்குப் போறனுங்க. நீங்க குண்டடமா? அப்ப நேரமிருக்குது. மாடு கன்னு வெச்சிருக்கறவங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கோணும்னு தாராபுரத்துல ஏறுனதுல இருந்து நெனச்சுட்டே வர்றேன். ஆனா நடந்ததச் சொல்லாம மொட்டையாக் கேட்டா உங்களுக்கு வெளங்காது.

எம் பேரு லோகநாதனுங்க. திருப்பூருல ஒரு ஹார்டுவேர் கடையில இருக்கறன். பூட்டு, தாப்பா, கீலு எல்லாம் என்னோட பொறுப்புதான். பூட்டு விசயத்துல என்னை யாரும் ஏமாத்திற முடியாது. கையில வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினா உள்ள எத்தனை லீவர்னு சொல்லிருவேன். எம்பட சம்சாரம் கோகிலா, நோம்பிக்குன்னு அவங்கப்பன் ஊட்டுக்குப் போயிருந்தா. மூலனூருக்கு அந்தப் பக்கம் தோட்டத்துச் சாளை, தோட்டத்துக்குள்ளயே ஊடு. அவளக் கூட்டியாரத்தான் போனேன். ரெண்டு நாள்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டுப் போனவன் இப்பத்தான் திரும்பறேன், அதுவும் தனியா. நீங்க உக்காந்திருக்கறீங்களே, இந்த எடத்துல அவ உக்காந்திருக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க, சொல்றேன்.

எல்லாம் ஒரு செவலைக் கிடேரியால வந்த வினைங்க.

கலியாணம் பேசறப்பவே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். மாமனாரு, "மாடு கன்னு பழக்கமுண்டுங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டாரு. பள்ளிக்கோடத்து லீவுக்கு எங்க சித்தப்பா தோட்டத்துக்குப் போவேன். அங்க மாடு இருந்துச்சு, நானும் இருந்தேன். அத வெச்சுக்கிட்டு, "அதெல்லாம் அத்துபடிங்க மாமா"ன்னு சொல்லிட்டேன். பொண்ணு பார்க்கப் போன எடத்துல தெரியாதுன்னு யாருங்க சொல்லுவாங்க?

இப்பப் போய் எறங்கறேன், செருப்பக்கூடக் கழட்டல, "மாப்பிள்ளை வந்துட்டாரு, அவரையே கேட்டுருவோம்"னு மாமனாரு நேரா கட்டுத்தாரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அங்க இந்தக் கிடேரி நிக்குது. தலையீத்து, இதான் மொதக் கன்னாம். கோகிலா புட்டிப்பால் குடுத்து வளர்த்ததாம், கலியாணத்துக்கு முந்தி. தவுட்டுத் தண்ணியக் கலக்கிட்டுப் பக்கத்துல நின்னா. நான் சுத்தி வந்து பார்த்தேன். மடி நல்லா இறங்கிருந்துச்சு. கையில தொட்டுப் பார்த்தேன், கிண்ணுன்னு இருந்துச்சு. மடி விட்டுட்டா அப்பறமென்னங்க, கன்னு வர வேண்டியதுதானே? "ரெண்டே நாளுங்க மாமா"ன்னேன்.

மாமனாரு என்னையப் பார்க்கல, அவரு பொண்ணத்தான் பார்த்தாரு. அவ தொட்டியில இருந்து கையக்கூட எடுக்கல. "அவிங்க சொன்னாச் சரியாத்தானுங்கப்பா இருக்கும்"னா. அத்தை என்னமோ வேகமா உள்ள போயிட்டாங்க, அடுப்புல எதோ வெச்சிருந்திருப்பாங்க. எனக்கு மனசு குளுந்து போச்சுங்க. அப்பன் ஊட்டுல, அப்பனுக்கு முன்னால, புருசன் பேச்ச விட்டுக் குடுக்காம நின்னா பாருங்க.

அதோட விட்டிருந்தா மறுநாளே கூட்டிட்டு வந்திருப்பேன். அன்னிக்குச் சாப்பிடறப்போ சொல்றா, மடி விட்ட மாட்டை, அத வளர்த்தவ விட்டுட்டுப் படி தாண்டக் கூடாதாம். எங்கூட்டு வழக்கம்ங்கறா. தாண்டினா தாய்க்கும் ஆகாது கன்னுக்கும் ஆகாதாம். மாமனாரு கையில சோத்து உருண்டைய வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தாரு. "ஆமாமா. இருக்குது, அப்பிடி ஒண்ணு இருக்குது"ன்னாரு. வழக்கம்னா நாம என்னங்க பண்றது? ரெண்டு நாள்தானேன்னு நானும் தங்கிட்டேன்.

ரெண்டு நாள் போச்சு. கிடேரி சோளத்தட்டத் தின்னுக்கிட்டு நிக்குது. "இன்னிக்குப் பொழுதுக்குள்ள"ன்னேன். "நீங்க சொன்னாச் சரி"ங்கறா. நாளைக்குன்னேன், "அப்படித்தான் தெரியுதுங்க"ங்கறா. மடி இன்னும் பெருத்துக்கிட்டே போகுது, நானும் நாளைக்கு நாளைக்குங்கறேன், அவளும் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கறா. அந்த ஊருல நாலு பேரு என்னைய, "ஏனுங் மாப்பிள்ளை, இன்னிக்குங்களா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. கேக்கறப்போ ஒரு மாதிரி கேக்கறாங்க.

சிரிக்காதீங்க. என்னங்க? தலையீத்துக்கு ஒரு மாசத்துக்கு முந்தியே மடி விட ஆரம்பிச்சுருமா? நாலஞ்சு ஈத்து போட்ட மாடுதான் கடைசியில மடி விடுமா? அட. அப்ப மடியப் பார்த்துச் சொல்லக் கூடாதுங்கறீங்க. இத அங்க ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க? கோகிலாவுக்குமா தெரியாம இருக்கும்? பொறந்ததுல இருந்து கட்டுத்தாரையிலயே கெடந்தவ. இல்லீங்க, தெரியாமத்தான் இருக்கும். தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பாளே.

அவ பாட்டுக்கு நல்லாத்தான் இருந்தா. கஷ்டப்பட்டதெல்லாம் நான்தான். அவ காத்தால எந்திரிச்சு, மத்த மாட்டுப் பாலைக் கறந்து, கேனைத் தூக்கி மொபெட்ல கட்டி, சொசைட்டிக்கு அவளே ஓட்டிட்டுப் போறா. வண்டி ஓட்டுவாங்கறதே எனக்குத் தெரியாதுங்க. போனா சீக்கிரம் வர்றதுமில்ல, வழியில யாரு ஊட்டுலயோ நின்னு பேசிட்டு வருவா. சாப்பாடும் அப்படித்தான். எங்கூட்டுல ரெண்டு தோசைக்கு மேல எறங்காது, அங்க போசியோட வெச்சுக்கிட்டுக் கம்மஞ்சோறு குடிக்கறா. தண்ணி ஒத்துக்குது போல.

எனக்குத்தானுங்க அடைச்சுப் போட்டாப்பல இருந்துச்சு. சுத்தியும் கிளுவை வேலி. காத்தாலேருந்து பொழுது வரைக்கும் அதுக்குள்ளயே கெடக்கோணும். அவிங்கவிங்க வேலைக்குப் போயிருவாங்க, பேசறதுக்கு ஒரு ஆளில்ல. யாராச்சும் வந்தாத்தான் மனுசன் மொகத்தப் பார்க்க முடியும். எப்படா வருவாங்கன்னு வேலிப் படலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு நா தாங்க முடியாம அவகிட்டச் சொல்லிட்டேன், "பைத்தியம் புடிச்சுரும் போல இருக்குது, ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு இப்படி இருக்க முடியும்?"னு. பருத்திக்கொட்டை அரைச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே நிறுத்திட்டு என்னையே பார்த்தா. "நீங்களே சொல்லுங்க, எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?"னு கேட்டா. "ஒரு வாரங்கூட முடியாது"ன்னேன். மறுபடியும் அரைக்க ஆரம்பிச்சுட்டா.

திருப்பூருல எங்க ஊடு மாடியிலைங்க. லைன் ஊடு. மாடிப்படி முடியற எடத்துல கிரில் கேட்டு. நான் கடைக்குப் போறப்போ வெளிய பூட்டிச் சாவிய எடுத்துட்டுத்தான் போவேன். மத்தியானம் சாப்பிட வந்தாத் தெறப்பேன், போறப்போ பூட்டிருவேன். காலம் கெட்டுக் கிடக்குதில்லீங்க? எந்நேரமும் யாரு யாரோ வந்து போற தெருவு. அவ வெகுளி, கதவைத் தட்டினா யாருன்னு கேக்காமத் தெறந்துருவா. பூட்டுக் கடையில இருக்கறவன் பொண்டாட்டியப் பத்திரமா வெச்சுக்கலைன்னா ஊரு சிரிக்காதுங்களா? நல்ல பூட்டுங்க, ஏழு லீவர். ஒரு நா கேஸ் வாசம் வருதுன்னு போன் பண்ணினா. கடையில நோம்பிக் கூட்டம், அந்த நேரத்துல எப்படிங்க விட்டுட்டு வர்றது? ஜன்னலத் தெறந்து வெச்சுக்கிட்டு நில்லு, வந்தர்றேன்னு சொன்னேன். போனேன். ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தா. ட்யூப்தான் லூசாயிருக்குது, வேறொண்ணுமில்ல. ஒண்ணும் ஆகலீங்க. அதுக்கப்பறந்தான் நோம்பிக்கு ஊருக்குப் போறன்னு கெளம்பினா.

கிடேரி கதைக்கு வர்றேன். நீங்க எறங்கறதுக்குள்ள சொல்லிரோணும்.

நான் சும்மா போகலீங்க, மாமனாருக்கு ஒரு பூட்டு வாங்கிட்டுத்தான் போயிருந்தேன். கட்டுத்தாரையச் சுத்தியிருக்கற பட்டிக் கேட்டுக்குப் போடலாம்னு. புதுசா இரும்புக் கேட்டுப் போட்டிருந்தாரு, வெறுங் கொக்கிதான் மாட்டி வெச்சிருந்தாரு. "எங்க மாட்டை யாருங் மாப்பிள்ளை எடுத்துட்டுப் போகப் போறாங்க?"ன்னு பூட்டை வாங்கி அப்படியே மாடத்துல வெச்சுட்டாரு. குடுத்த பொருளுக்கு ஒரு மருவாதி வேண்டாமுங்களா? எனக்கு மனசுக்குள்ள இருந்துக்கிட்டே இருந்துச்சு.

ஒரு நா காத்தால கிடேரி ஒரு மாதிரி இருந்துச்சு. மத்த மாட்டோட சேராம, வேலி மூலையில வெள்ளவேல மரத்தடிக்குப் போய்த் தனியா நின்னுக்கிச்சு. தவுட்டுத் தண்ணி வெச்சா மோந்து பார்த்துட்டு மொகத்தத் திருப்பிக்குது. படுக்குது, எந்திரிக்குது. திரும்பித் திரும்பித் தன் வயித்தையே பார்க்குது. வாலை ஒதுக்கி வெச்சுக்குது. எனக்கு என்ன தோணுச்சுன்னா, இது வேலியத் தாண்டி ஓடறதுக்கு எடம் பார்க்குதுன்னு தோணுச்சு.

கோகிலா வந்து வால் மூட்டுல கை வெச்சுப் பார்த்தா. ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து தளதளன்னு ஆயிருச்சாம். பின்னால கண்ணாடியாட்டம் கோழை வடிஞ்சிருக்குதாம். காம்பு மினுமினுங்குதாம். "இன்னிக்குத்தானுங்க. பொழுது சாயறதுக்குள்ள போட்டுரும். அத அவுத்தே விட்டிருங்க, அதுக்கு வேணுங்கற எடத்த அது பார்த்துக்கும்"னா. மொதல் தடவையா அவளா ஒரு பேச்சுச் சொல்றா. இத்தனை நாள் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவ, திடீர்னு எனக்குச் சொல்லித் தர்றாளேன்னு எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சுங்க. அதுவுமில்லாம, நானே பத்துத் தடவை இன்னிக்கு இன்னிக்குன்னு சொல்லி மூக்குடைபட்டவன். மறுபடியும் இன்னிக்குன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. "இன்னும் மூணு நாளாகும்"னு அடிச்சுச் சொல்லிட்டேன். பேசுன பேச்சு பேச்சா இருக்கோணுமில்லீங்க?

அன்னிக்கின்னு பார்த்து மாமனாரும் அத்தையும் ஒரு எழவுக்குப் போயிட்டாங்க. முதலாளி வேற போன் மேல போன். தாராபுரத்துல எங்க கடைக்கு வேண்டிய ஒருத்தரு இருக்கறாரு, அவரைப் பார்த்து எனக்காக முதலாளிகிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லலாம்னு கெளம்பினேன். கெளம்பறப்போ பொறுப்பா ஒரு காரியம் பண்ணுனேன். கிடேரிய ஓட்டிட்டு வந்து கட்டுத்தாரையில குறுக்கக் கட்டினேன். கயித்த நீளமா விட்டாத்தானே ஓடும்? பட்டிக் கேட்டச் சாத்தி, மாடத்துல இருந்த என்னோட பூட்டை எடுத்துப் பூட்டினேன். சாவிய ஊட்டுச் சாவியோட கோத்து ஜோப்புல போட்டுக்கிட்டேன். கோகிலா கெணத்தடியில துணி தொவச்சுட்டு இருந்தா. அவகிட்டச் சொல்லோணும்னு தோணலீங்க. பூட்டினதச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல.

தாராபுரத்துல அந்தாளு கெடைக்கறதுக்கு மத்தியானம் ஆயிருச்சு. போன் மாத்தி மாத்தி அடிக்குது, கோகிலாதான். வேலையா இருக்கறேன்னு கட் பண்ணி விட்டேன். மறுபடி மறுபடி அடிச்சா. அப்பறம் நின்னு போச்சு. சரி, அவளுக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்.

போய்ப் பார்க்கறேன், கேட்டு அகலத் தெறந்து கெடக்குது. கடப்பாறை மண்ணுல கெடக்குது. உள்ள கோகிலா உக்காந்திருக்கறா. முழங்கை வரைக்கும் ரத்தமும் வழும்பும். தலையெல்லாம் வைக்கோலு. கையில தோல் உரிஞ்சு கெடக்குது. அவ மடிகிட்ட ஈரமா ஒரு கன்னு, காதை ஆட்டிக்கிட்டு. கிடேரிக்கன்னு. தாய் அத நக்குது, நடுவுல அவ கையையும் நக்குது. எனக்கு மொதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சது அறுத்துப் போட்ட கயிறுதானுங்க.

பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா சொன்னாங்க. மாடு கத்தற சத்தங்கேட்டுக் கோகிலா ஓடிப் பார்த்தா கேட்டுப் பூட்டியிருக்குது. கம்பி வழியாத் தெரியுது, பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு முன்னங்காலு வெளிய வந்து நிக்குதாம். கிடேரி குறுக்கக் கட்டுனதால தோதா படுக்கவும் முடியாம, எந்திரிக்கவும் முடியாம, கயிறு கழுத்த முறுக்கிக்கிட்டுத் தவிக்குதாம். இவ போன் பண்றா, நான் எடுக்கல. அப்பறம் கடப்பாறைய எடுத்துட்டு வந்தாளாம். கேட்டும் உசரம், மேல முள்ளுக்கம்பி, ஏறிக் குதிக்கவும் முடியாது. அடிச்சாளாம், அடிச்சாளாம், பூட்டு அசையலையாம். அந்தம்மா சொல்றாங்க, "அந்தப் புள்ள அழுதுக்கிட்டே அடிச்சா. மாட்டுக்காக யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை"ன்னு. கடைசியில பூட்டு மாட்டியிருந்த கொக்கியவே பேத்துத் தள்ளிட்டு உள்ள போய்க் கயித்த அறுத்துவிட்டு, மாடு முக்கறப்போவெல்லாம் கூடவே காலைப் புடிச்சு இழுத்து எடுத்திருக்கறா. இன்னும் சித்தெ நேரம் ஆகியிருந்தா ரெண்டும் போயிருக்குமாம்.

எனக்கு ரெண்டு உசுரு பொழச்ச சந்தோசமுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த நேரத்துல வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? "எனக்கு எப்படித் தெரியும்?"னு வந்துச்சு. அவ எந்திரிச்சு, கையத் துடைச்சுட்டு, மண்ணுல கெடந்த பூட்டை எடுத்து எங்கையில வெச்சா. "நல்ல பூட்டுங்க. ரொம்ப நேரம் தாங்குச்சு"ன்னா.

அவ்வளவுதான். ஒரு சண்டை புடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அன்னிக்கு ராத்திரி சோறு போட்டா, பாய் போட்டா, எல்லாம் பண்ணுனா. எனக்குத்தான் அவ மொகத்தப் பார்க்க ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. எதுக்குப் பயம்னு எனக்கே தெரியலீங்க. மறுநா நஞ்சுக்கொடியச் சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்கவிட்டுட்டு வந்த மாமனாரு, எங்கிட்ட வந்து, "மாப்பிள்ளை, உங்களுக்கு வேலை கெட்டுப் போகுது, நீங்க கெளம்புங்க"ன்னாரு. உங்களுக்குன்னாரு, உங்க ரெண்டு பேருக்குன்னு சொல்லல. நானும் கவனிக்காம விட்டுட்டேன்.

இன்னிக்கு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தா. இந்தப் போசியக் குடுத்தா. "ஏனம்மிணி, பை எங்க?"ன்னேன். "தலையீத்து மாடுங்க, வேறாளு தொட்டா ஒதைக்குது, எங்கையிலதான் பால் சொரக்குது. கன்னு பால் மறக்கட்டும், வர்றேன்"னா.

இதானுங்க உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தது. ஒரு கன்னு பால் மறக்கறதுக்கு எத்தனை நாளுங்க ஆகும்? பத்து நாள் ஆகுமா? என்னங்க? எட்டு மாசமா? சிலது மாடு மறுசெனை ஆகற வரைக்கும் விடாதுங்களா? நெசமாத்தான் சொல்றீங்களா?

எட்டு மாசம்னு தெரிஞ்சுதான் சொல்லியிருப்பாளா?

இன்னொண்ணுங்க. பஸ் வர்றப்போ கையை நீட்டினா. "ஊட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போங்க. எங்கையில ஒண்ணு இருந்தா, நானே எப்ப வேணும்னாலும் வந்துக்கறேன்"னா. எங்கிட்ட இருக்கறது ஒரே சாவிங்க. அதக் குடுத்துட்டா நான் எப்படி உள்ள போறது? அதச் சொன்னேன். கையைக் கீழ எறக்கிக்கிட்டா. "செரிங்க"ன்னா. பஸ் கெளம்பறதுக்கு முன்னாலயே திரும்பி நடந்துட்டா. நான் ஜன்னல் வழியாத் தலைய நீட்டிப் பார்க்கறேன், அவ பாட்டுக்குக் கையை வீசிக்கிட்டுப் போறா. நான் சொன்னது நாயந்தானுங்களே?

என்ன கேட்டீங்க? ஆமாங்க, எங்க கடையிலயேதான். சாவி வெட்டற மெசினே இருக்குது, நான்தான் வெட்டறேன். ரெண்டு நிமிச வேலைங்க. எத்தனை பேருக்கு வெட்டிக் குடுத்திருக்கறேன்.

ஆனா புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு இருக்கற ஊட்டுக்கு எதுக்குங்க ரெண்டு சாவி? ஏனுங்க, நீங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறீங்க?